பிள்ளைத் தண்ணி

ஆலையில் அவளுக்குத் தொட்டியக்கா என்று பெயர். சேர்ந்த புதிதில் யாரோ விளையாட்டாகக் கூப்பிட்டது, அப்படியே ஒட்டிக்கொண்டது. அடையாள அட்டையில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம்தான்.

அந்த மலையில் தங்கம் இருக்கிறது, ஆனால் கொடுக்க மனசில்லாத தங்கம். சாதாரணக் கல்லாக இருந்தால் அரைத்து, ரசாயனத் தண்ணீரில் ஊறப்போட்டால் தங்கம் கரைந்து வந்துவிடும். இந்தக் கல்லிலோ அது, இரும்பும் கந்தகமும் சேர்ந்த மணிகளுக்குள் கண்ணுக்குத் தெரியாத தூளாகப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எவ்வளவு நைசாக அரைத்தாலும் பிடி கொடுக்காது. வேலைக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் வீம்புக்கல். வீம்பை அடக்க வேண்டுமானால் அந்தக் கந்தகத்தை முதலில் ஒழித்துக்கட்ட வேண்டும். சில ஊர்களில் சூளையில் போட்டு வறுக்கிறார்கள். அந்தப் புகையில் ஊரே இருமும். இங்கே கந்தகத்தைத் தின்று தீர்க்க ஆள் வைத்திருக்கிறார்கள். ஆள் என்றால் நம்மைப் போல ஆள் இல்லை, நுண்ணுயிர்கள். மூன்று மாடி உயரத்தில் ஆறு தொட்டிகள், அவற்றில் புளித்த கருஞ்சேறு, அடியிலிருந்து ஓயாமல் காற்று. அந்தச் சேற்றுக்குள் கோடானுகோடிப் பேர் இரவு பகல் பார்க்காமல் தின்றுகொண்டிருக்கிறார்கள். அவர்கள் தின்று முடித்த பிறகுதான் வீம்புக்கல் வழிக்கு வரும்.

அவர்களுக்குத்தான் பிள்ளைங்க என்று பெயர். யார் வைத்தது என்று தெரியாது. ஆனால் வைத்தவர் விஷயம் தெரிந்தவர். நேரத்துக்குச் சாப்பாடு வேண்டும், கொஞ்சம் உரச்சத்து வேண்டும், காற்று ஒரு நிமிடம் நின்றால் துவண்டு போவார்கள், சூடு கூடினாலும் ஆகாது, குறைந்தாலும் ஆகாது. ஷிப்டு மாறும்போது கேட்கிற முதல் கேள்வியே, “பிள்ளைங்க சாப்பிட்டாச்சா?” என்பதுதான். தொட்டியில் நுரை அதிகமானால், “பிள்ளைங்க இன்னிக்கு ஆட்டம் போடுறாங்க.” தங்கம் குறைந்தால், “பிள்ளைங்களுக்கு வயிறு சரியில்ல.” புதிதாக வருகிறவர்கள் முதல் நாள் ஒரு மாதிரி முழிப்பார்கள். அடுத்த வாரம் அவர்களும் அப்படியே பேசுவார்கள்.

தொட்டி மேடைக்கு இரண்டு தண்ணீர் வரும். ஒன்று ஏரியிலிருந்து வரும் நல்ல தண்ணீர். தொட்டிக்குப் போவது அது மட்டும்தான், அதனால் அது பிள்ளைத் தண்ணி. இன்னொன்று, தங்கம் கரைக்கிற பக்கம் உழைத்துக் களைத்துத் திரும்பி வருவது. மனிதருக்கு ஆபத்தில்லாத அளவுக்கு ரசாயனத்தின் விஷத்தை முறித்துத்தான் அனுப்புவார்கள், என்றாலும் மிச்சம் மீதி இருக்கும். தரை கழுவ அது போதும், அதனால் அது கழுவுற தண்ணி. அது தொட்டிக்குள் போனால் பிள்ளைங்க கூண்டோடு காலி. இரண்டு குழாயும் அருகருகே, ஒரே அளவில் நிற்கும். ஒன்றுக்கு நீலமும் மற்றதற்குச் சிவப்பும் அடித்திருந்தார்கள். அமிலக்காற்று இரண்டையும் தின்று ஒரே துரு நிறமாக்கிவிட்டது. யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. அதுதான் வாய்க்கு வாய் பெயர் இருக்கிறதே!

தொட்டியக்காவின் ஒரே மகன் வேறு ஊரில் வேலை பார்த்தான். விடுமுறைக்குக் கிளம்பி மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தவன் பாதி வழியில் ஒரு வளைவில் லாரியில் மோதினான். ஆஸ்பத்திரியில் அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். சில்லென்றிருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. அடக்கம் முடிந்தும் வரவில்லை. வந்தவர்கள் எல்லாம் அழுதார்கள், அவளுடைய மைத்துனி மயங்கியே விழுந்தாள். அவளுக்குத் தண்ணீர் தெளித்து எழுப்பியதே தொட்டியக்காதான்.

அதன் பிறகு அவளுக்குக் கை மரத்துப் போயிற்று. டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்து நரம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். இருக்கலாம், ஆனால் சூடான டீ டம்ளரைப் பிடித்தால் சூடு தெரியவில்லை. சோறு பிசைந்தால் பிசைகிறோம் என்றே தெரியவில்லை. பசி, தூக்கம், கோபம் எல்லாம் பக்கத்து வீட்டில் யாருக்கோ நடப்பது போல இருந்தது. அழுகிறவர்களைப் பார்த்தால், கொடுத்து வைத்தவர்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

மறு வாரமே வேலைக்கு வந்தாள். வந்ததும் வழக்கப்படி முதல் தொட்டியின் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். கணினித் திரையில் வெப்பநிலை எழுதியிருக்கும்தான், ஆனாலும் ஏழு வருடப் பழக்கம். காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியைத் தொடுவது போல இருக்கும் அந்தச் சுவர். அன்றைக்கும் வெதுவெதுவென்று இருந்தது. டீ தெரியாத கைக்கு அது தெரிந்தது. அவள் வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

ஆலையில் எல்லோரும் நல்லவர்கள். அதுதான் வினையாகப் போயிற்று. அவள் திரும்பி வந்த நாளிலிருந்து, யாரும் சொல்லிவைக்காமலே, பிள்ளைங்க என்ற வார்த்தை தொட்டியடியிலிருந்து மாயமாய் மறைந்துவிட்டது. ஷிப்டு மாறும்போது, “எல்லாம் சாப்பிட்டாச்சா?” என்றார்கள். ஆய்வகத்துப் பெண், “பாக்டீரியா எண்ணிக்கை நல்லா இருக்குக்கா” என்று பரீட்சை எழுதுவது போலப் பேசினாள். இவர்களில் ரொம்பக் கஷ்டப்பட்டவன் ஷிப்டு மேஸ்திரி. அவனுக்கு ஓட்டைவாய் என்று பட்டப்பெயர். மனசில் நினைத்ததைச் சொல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும் ஜாதி அவன். அவனே, “பி...” என்று ஆரம்பித்து, இருமி, மேலே பார்த்து, “பிரச்சினை ஒண்ணும் இல்லல்லக்கா?” என்று முடிப்பான். இதற்காக அவன் பட்ட பாட்டைப் பார்த்தால் வேறு யாராவது சிரித்திருப்பார்கள்.

அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை. ஒன்று மட்டும் புரிந்தது. தன்னைக் கண்டதும் பேச்சு நிற்கிறது. தான் போகிற இடமெல்லாம் ஒரு வார்த்தை செத்து விழுகிறது.

வீட்டிலும் அதே கதை. கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். நல்ல மனிதர். நல்ல மனிதராக இருந்ததால்தான், அவள் கண்ணில் படக்கூடாதென்று மகனுடைய செருப்பு, தலைக்கவசம், கூடத்தில் மாட்டியிருந்த புகைப்படம் எல்லாவற்றையும் எடுத்து அவன் அறைக்குள் வைத்து, கதவைச் சாத்திவிட்டார். சாப்பிடும்போது டி.வி.யைச் சத்தமாக வைப்பார். அவன் பெயரைச் சொல்வதில்லை. அவளும் சொல்வதில்லை. மூன்று பேர் இருந்த வீட்டில் இரண்டு பேர், தட்டைப் பார்த்துக்கொண்டு, வானிலை அறிக்கை கேட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள்.

ஒரு நாள் அவர் மெதுவாக ஆரம்பித்தார்.

“உங்க மேனேஜரப் பார்த்துப் பேசினேன்.”

“எதுக்குங்க?”

“அந்தத் தொட்டி, படி, அமிலம்... இப்ப உனக்கு அது வேண்டாம்மா. ஸ்டோர்ல இடம் இருக்காம். உட்கார்ந்து பார்க்கிற வேலை. கையுறை, காலணின்னு கேக்கிறவங்களுக்கு எடுத்துக் குடுத்தாப் போதும்.”

“நான் போகமாட்டேன்.”

“உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்? ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் நீ ஏதாவது தப்புப் பண்ணிட்டா? இப்பல்லாம் பாலை அடுப்புல வெச்சுட்டு எதிர்லயே நிக்கிற. பொங்கி வழியுது, நீ பாட்டுக்குப் பார்த்துக்கிட்டு நிக்கிற.”

அது உண்மைதான். ஆனால் உலகத்திலேயே அந்தச் சுவர் ஒன்றுதான் என் கைக்குத் தெரிகிறது, அதையும் பிடுங்கிவிடாதீர்கள் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அவர் இன்னொரு டாக்டரிடம் கூட்டிப்போவார். “போகமாட்டேன்” என்று மறுபடியும் சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போனாள். மேனேஜரும், “உங்க இஷ்டம்மா. ஆனா ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா அப்புறம் என்கிட்ட வராதீங்க” என்று ஒப்புக்கொண்டார்.

ஒன்று ஆகத்தான் செய்தது.

அன்று காலை மேடையிலிருந்து தொட்டிக்குப் பிள்ளைத் தண்ணி கொண்டுபோகும் நிலையான குழாயில் ஒரு துண்டை மாற்றிக்கொண்டிருந்தார்கள். அது முடியும்வரைக்கும் மேடையில் நிற்கும் பிள்ளைத் தண்ணிக் குழாயிலிருந்து ரப்பர் குழாய் போட்டு முதல் தொட்டியின் ஊட்டுப்பெட்டிக்குத் தண்ணீர் விட வேண்டும். ஊட்டுப்பெட்டி என்பது அரைத்த கல் சேறு தொட்டிக்குள் போகுமுன் தண்ணீர் கலந்து இளகுகிற இடம். பிள்ளைங்களுக்குச் சோறு கரைக்கிற பாத்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டைவாய் கீழே பழுது பார்க்கிறவர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அங்கிருந்தே வாக்கி-டாக்கியில் கூப்பிட்டான்.

“அக்கா, மேடையெல்லாம் சேறாக் கிடக்கு. கழுவுற தண்ணிய எடுத்து ஒரு தடவை அடிச்சு விட்டுருங்க. முடிச்சிட்டு அந்த... அந்தத் தண்ணிய ஊட்டுப்பெட்டிக்குப் போட்டு விட்டுருங்கக்கா.”

“சரி தம்பி.”

வேறு எந்த நாளாக இருந்தாலும் அவன் “பிள்ளைத் தண்ணி” என்றிருப்பான். அந்த இடத்தில் வார்த்தை தொண்டைவரை வந்து, இன்னார் கேட்கிறாள் என்ற நினைப்பு வந்து, “அந்த” என்று சுருங்கிவிட்டது. வேறு எந்த நாளாக இருந்தாலும் அவளும், “எந்தத் தண்ணிடா, வாயத் திறந்து சொல்லு” என்று கேட்டிருப்பாள். கேட்கக்கூடத் தேவையில்லை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தொட்டிக்கு எது போகும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அன்று கழுவி முடித்தபோது கையில் ரப்பர் குழாய் இருந்தது. அதில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அந்தத் தண்ணியை ஊட்டுப்பெட்டிக்குப் போடச் சொன்னார்கள். போட்டாள். குழாய் நழுவாமல் கம்பியால் கட்டியும் வைத்தாள். கட்டு கச்சிதமாக இருந்தது.

பிறகு சாப்பிடப் போனாள், வந்தாள், உரமூட்டை பிரித்தாள். பகல் அது பாட்டுக்குப் போயிற்று.

பிற்பகலில் திரையைப் பார்த்தபோது முதல் தொட்டியில் கரைந்திருக்கிற காற்றின் அளவு ஏறியிருந்தது. இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. தெரியாதவர்கள் பார்த்தால் நல்லது என்றுதான் நினைப்பார்கள். காற்று நிறைய இருக்கிறதே! காற்று மிஞ்சுகிறது என்றால் மூச்சு விட ஆளில்லை என்று அர்த்தம்.

அவள் எழுந்து நடந்தாள். ஓடவில்லை. தொட்டியடிக்குப் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். தின்கிறவர்கள் இருந்தால்தான் சூடு. குளிர்விக்கிற சுருள் மட்டும் ஒன்றும் அறியாமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. சுவர் சில்லென்றிருந்தது.

அந்தச் சில்லிப்பு அவளுக்குத் தெரியும். முன்பு ஒரு தடவை தொட்டிருக்கிறாள்.

தலையைத் தூக்கி மேடையைப் பார்த்தாள். ரப்பர் குழாய் எந்தக் குழாயிலிருந்து போகிறது என்று கண்ணால் தொடர்ந்து போய்ப் பார்த்தாள். பார்த்து முடித்த பிறகு வாக்கி-டாக்கியை வாயருகே கொண்டுவந்தாள். ஆலை முழுக்கக் கேட்கிற அலைவரிசை அது.

“முதல் தொட்டி,” என்றாள். “பிள்ளைங்க செத்துட்டாங்க.”

பொத்தானை மறுபடியும் அழுத்தினாள்.

“கேக்குதா? செத்துட்டாங்க. என் பிள்ளை செத்துட்டான்.”

மகன் போனதிலிருந்து செத்துட்டான் என்ற வார்த்தையை அவள் சொன்னதில்லை. “அவன் இல்ல” என்பாள், “அது நடந்ததுக்கப்புறம்” என்பாள். இப்போது அது அவள் வாயிலிருந்து வந்து, அத்தனை பேர் இடுப்பிலும் தொங்குகிற பெட்டிகளில் ஒரே நேரத்தில் கேட்டது.

ஓட்டைவாய்தான் முதலில் ஓடிவந்தான். குழாயைப் பார்த்தான், முகத்தில் ஈயாடவில்லை. ஓடிப்போய் அதை இழுத்துப் போட்டான். திரும்பி வந்து, “நான்தான்க்கா,” என்றான். “நான் அந்தத் தண்ணின்னு சொன்னது...”

“ஏன்டா?” என்றாள். “பிள்ளைத் தண்ணின்னு சொல்லித் தொலைச்சா உன் நாக்கு அழுகிப் போயிடுமா? ஊர் உலகத்துக் கதையெல்லாம் பேசுற வாய்தானே? அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் பூட்டுப் போட்டுக்கிட்டியா?”

“உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு...”

“எனக்குக் கஷ்டமா இருந்தா இருந்துட்டுப் போவட்டும்டா! நீங்க யாரும் சொல்லலைன்னா எனக்குப் பிள்ளையே இருந்ததில்லைன்னு ஆயிடாதா?”

அப்போதுதான் அழுகை வந்தது. அழகாக வரவில்லை. மூக்கு ஒழுகி, விக்கல் எடுத்து, அமிலக்கறை பிடித்த தரையிலேயே உட்கார்ந்து, பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றக்கூடத் தோன்றாமல் அழுதாள். ஓட்டைவாய் பக்கத்தில் உட்கார்ந்து அவனும் அழுதான். மற்றவர்கள் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றார்கள். ஆய்வகத்துப் பெண் மட்டும் ஒரு குப்பியில் சேறு எடுத்துக்கொண்டு நுண்ணோக்கியை நோக்கி ஓடினாள்.

வந்து சொன்னாள், முதல் தொட்டியில் அசைவே இல்லை. அதிலிருந்து சேறு வழிந்து போகிற இரண்டாவதில் பாதிப் பேர் சோர்ந்து கிடக்கிறார்கள். மூன்றிலிருந்து ஆறு வரை தப்பித்தார்கள். அவளும் அன்றைக்குப் பாக்டீரியா என்று சொல்லவில்லை, “ஆறாவது தொட்டிப் பிள்ளைங்க துறுதுறுன்னு இருக்காங்கக்கா” என்றாள். இனி முதல் தொட்டியைக் கழுவி, நல்ல தண்ணீர் நிரப்பி, பின்னால் இருக்கிற தொட்டியிலிருந்து உயிருள்ள சேற்றைக் கொண்டுவந்து விட வேண்டும். தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரிதான். தொட்டியடியில் அந்த வேலைக்குப் பெயரே உறை ஊத்துறது.

மேனேஜர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. அறைக்குக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, “நாளையிலேருந்து ஸ்டோருக்குப் போயிடுங்கம்மா” என்றார். ஓட்டைவாய் குறுக்கே விழுந்து, தப்பு தன்மேல்தான் என்று என்னென்னவோ சொன்னான். அவருக்கும் அது புரிந்தது. ஆனால் குழாயைக் கட்டிய கை யாருடையது என்பதும் புரிந்தது. அவள் வாதாடவில்லை. போகும்போது முதல் தொட்டியை இன்னொரு தடவை தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை.

ஸ்டோர் ஒரு நீள அறை, சன்னல் ஒன்று. அலமாரியில் கையுறைகள், அளவு வாரியாக. கேட்பவர்களுக்கு எடுத்துக் கொடுத்தாள். ரப்பரின் பிசுபிசுப்பு விரலில் லேசாகத் தெரிந்தது. மறுபடியும் தெரியாமல் போயிற்று. எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். பெரும்பாலும் முன்பு போலத்தான் இருந்தாள். வேலை முடியும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆனால் இப்போது தினமும் சன்னலில் ஒரு தலை எட்டிப் பார்த்தது.

“பிள்ளைங்களுக்கு இன்னிக்கு உறை ஊத்திட்டோம்க்கா!”

“நேத்தைய விட இன்னிக்குக் கொஞ்சம் சாப்பிட்டாங்கக்கா!”

கையுறை தேவைப்படாத நாளிலும் வந்து கத்திவிட்டுப் போனான் ஓட்டைவாய். தவறவிட்ட அத்தனை நாளுக்கும் சேர்த்து அந்த வார்த்தையைச் சொல்லித் தீர்த்தான். ஒரு மாலை மூச்சிரைக்க வந்தான். “எந்திரிச்சுட்டாங்கக்கா! சுவர் வெதுவெதுன்னு இருக்கு. நானே கை வெச்சுப் பார்த்தேன்.” சன்னல் வழியாக உள்ளங்கையை நீட்டினான், அதில் ஏதோ ஒட்டிக்கொண்டு வந்திருப்பது போல. அவள் அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தாள். வேர்த்திருந்தது. சூடாகத்தான் இருந்தது.

அன்று வீட்டுக்குப் போனபோது கணவர் டி.வி.யைப் போட்டுவிட்டுத் தட்டு எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அவள் டி.வி.யை நிறுத்தினாள்.

“ஏம்மா?”

“முதல் தொட்டி சூடாயிடுச்சாம்.”

“நல்லதாப் போச்சு,” என்றார். ரிமோட்டைத் தேடினார். அது அவள் கையில் இருந்தது.

“என்னங்க, அவன் பேரச் சொல்லுங்க.”

அவர் தட்டையே பார்த்தார். “வேண்டாம்மா.”

“யாராவது சொல்லணும்ங்க. நாம சொல்லலைன்னா வேற யாரு சொல்லுவாங்க?”

அவர் நகக்கண்ணில் எப்போதும் கொஞ்சம் கிரீஸ் இருக்கும். அதைச் சுரண்டினார். பிறகு சொன்னார். மெதுவாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தார், ஆனால் அந்தப் பெயரை அந்த வீட்டில் அவர் ஒரே மாதிரிதான் சொல்லிப் பழகியிருந்தார். அறைக்குள் பாட்டுக் கேட்டுக்கொண்டு கிடப்பவனைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற மாதிரி, உரக்க, கடைசி எழுத்தை நீட்டி.

பழக்கதோஷத்தில் இருவரும் சாத்தியிருந்த அறைக்கதவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

யாரும் வரவில்லை. அவர் இன்னொரு தடவை கூப்பிட்டார். அவள் போய்க் கதவைத் திறந்து வைத்தாள்.